படம் அச்சில் பொய் சொல்லுமா?

உலோகத் தகடு ஒன்றின் ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். பக்கவாட்டில் வெப்பம் வெளியேறாதபடி தகட்டை நன்றாக மூடியிருக்கிறோம். சிறிது நேரத்தில் வெப்பநிலை நிலைபெற்றுவிடும். ஒரு முனையில் 100 டிகிரி, மறுமுனையில் 0 டிகிரி, நட்டநடுவில் 50 டிகிரி. முனைக்கு முனை வெப்பநிலை ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகும். உயர்நிலைப் பள்ளி மாணவரும் இதை அறிவார்.

கல்லூரி மாணவர் ஒருவர் இந்தக் கணக்கைக் கணிப்பொறியில் செய்து, விடையைப் படமாக வரைந்து, தம் செய்முறைத் திட்ட ஏட்டில் சேர்த்திருந்தார். திரையில் படம் கண்ணைப் பறித்தது. குளிர்ந்த முனை கருநீலம். அங்கிருந்து நீலம், வெளிர்நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறங்கள் வரிசையாக மாறிச் சூடான முனையில் கருஞ்சிவப்பில் முடிந்தன. வண்ணத்தில் அச்சிடச் செலவு அதிகம் என்பதால் ஏட்டைக் கறுப்பு வெள்ளையில் படியெடுத்துக் கொடுத்தார். அதைப் புரட்டிப் பார்த்த தேர்வாளர் கேட்டார்: "என்ன தம்பி, இரண்டு முனைகளும் இருண்டு கிடக்கின்றன, நடுப்பகுதி மட்டும் வெளுத்திருக்கிறதே? தகட்டை நடுவிலா சூடாக்கினாய்?"

மாணவர் திகைத்துப் போனார். பின்னர் என்னிடம் வந்து, "ஐயா, கணக்கு சரி, நிரலும் சரி. படம் எப்படித் தப்பாகும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். கணக்கில் பிழையில்லை, கணிப்பொறியும் பிழை செய்யவில்லை. ஆனால் தாளில் வந்த படம் உண்மைக்கு மாறானதைச் சொல்லிவிட்டது. திரைக்கும் தாளுக்கும் இடையில் எங்கோ உண்மை நழுவிவிட்டது. எங்கே நழுவியது?

கருவியும் அதன் இயல்பு அமைப்புகளும்

அந்த மாணவர் பயன்படுத்திய கருவியின் பெயர் மேட்பிளாட்லிப். பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் வரைபடங்கள் வரைய உதவும் நிரல் தொகுப்பு இது. இதனை உருவாக்கியவர் ஜான் ஹன்டர் என்னும் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்துடிப்புகளைப் படமாகக் காண ஒரு கருவி தேவைப்பட்டபோது அவர் இதனை எழுதத் தொடங்கினார். 2012-ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னரும் ஆர்வலர்கள் பலர் சேர்ந்து இதனை வளர்த்து வருகின்றனர். விலை கிடையாது, நிரல் முழுவதும் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் உலகம் கண்ட முதல் கருந்துளைப் படத்தை ஆக்கும் பணியிலும் இக்கருவி பயன்பட்டது.

இத்தகைய கருவியில் படத்தின் நீளம், அகலம், எழுத்தின் அளவு, கோட்டின் தடிமன், நிறம், கோப்பின் வகை என எத்தனையோ அமைப்புகள் உண்டு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கருவி தானாகவே ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளும். இதனை இயல்பு அமைப்பு என்று அழைக்கலாம். பெரும்பாலோர் இயல்பு அமைப்பை மாற்றுவதே இல்லை. 'கருவிக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது?' என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் இயல்பு அமைப்பு என்பது இயற்கை விதியன்று. எங்கோ இருக்கும் ஒருவர், ஏதோ ஒரு தேவையை மனத்தில் வைத்துச் செய்த முடிவுதான் அது. அந்தத் தேவை நம் தேவையாக இருக்க வேண்டியதில்லை. இந்த நோக்கில் மேட்பிளாட்லிப்பின் அச்சு அமைப்புகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

அளவு: பாராட்டத்தக்க தொடக்கம்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இக்கருவியில் படத்தின் அளவை அங்குலத்தில் கொடுக்க வேண்டும். இது மிகச் சரியான முடிவு. தாளுக்கு அங்குலமும் சென்டிமீட்டரும்தான் தெரியும். படப்புள்ளி, அதாவது பிக்சல், என்பது திரையின் அலகு. அதற்கென ஒரு நிலையான நீளம் கிடையாது. ஆகவே படத்தைத் தாளின் அலகில் தொடங்கச் சொல்லும் கருவி, அச்சை மறக்காத கருவி எனலாம்.

இரண்டாவது எண், ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது. இதனை டி.பி.ஐ. என்பர். இவ்விரண்டையும் பெருக்கினால் மொத்தப் புள்ளிகள் கிடைக்கும். 2017-ஆம் ஆண்டு வெளியான 2.0 பதிப்பில் இயல்பு அமைப்பு 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம், அங்குலத்துக்கு 100 புள்ளிகள் என்று வைக்கப்பட்டது. பெருக்கிப் பாருங்கள்: 640 புள்ளி அகலம், 480 புள்ளி உயரம். இது கணிப்பொறித் திரையில் நெடுங்காலம் வழங்கிய அளவு. அலகு தாளினுடையது, எண்களோ திரையினுடையவை! இங்கேதான் முதல் குறை தொடங்குகிறது.

எப்படி என்று காண்போம். ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகளாக அச்சிடும் இதழ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பத்தியின் அகலம் 3.2 அங்குலம், அதாவது சுமார் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இயல்பு அமைப்பில் வரைந்த 6.4 அங்குலப் படத்தை அந்தப் பத்தியில் அடக்கினால் அது பாதியாகச் சுருங்கும். படம் மட்டுமா சுருங்கும்? அதிலுள்ள எழுத்தும் சுருங்கும். இயல்பு எழுத்தின் அளவு 10 பாயின்ட். ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. எனவே 10 பாயின்ட் சுமார் 3.5 மில்லிமீட்டர். அது பாதியானால் 5 பாயின்ட், சுமார் 1.8 மில்லிமீட்டர். மருந்துப் புட்டியின் மீது ஒட்டியிருக்கும் பொடி எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள்! கண்ணாடி அணிந்த பேராசிரியரும் அச்சுகளில் உள்ள எண்களைப் படிக்க முடியாமல் திணறுவார்.

புள்ளிகளைக் கூட்டினால் போதுமா?

எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றதும் நம் மாணவர்கள் உடனே செய்வது என்ன? டி.பி.ஐ. எண்ணை 100-இலிருந்து 300-க்கு, சிலர் 1200-க்கும் கூட உயர்த்துகின்றனர். 'தரம்' கூடும் என்பது அவர்கள் எண்ணம். 300 என்று வைத்தால் படம் 1920 புள்ளி அகலமும் 1440 புள்ளி உயரமும் கொண்டதாகும். மொத்தப் புள்ளிகள் 3,07,200-இலிருந்து 27,64,800 ஆகும், அதாவது ஒன்பது மடங்கு. கோப்பு பருத்துவிடும். ஆனால் 3.2 அங்குலப் பத்தியில் அடக்கும்போது எழுத்து அதே 5 பாயின்ட்தான். 1.8 மில்லிமீட்டர் எழுத்து இப்போது கூர்மையான 1.8 மில்லிமீட்டர் எழுத்தாக இருக்கும், அவ்வளவே. சிறிய எழுத்தைக் கூர்மையாக்கினால் அது பெரிய எழுத்தாகிவிடாது.

சரியான வழி எளிது. படம் தாளில் எவ்வளவு அகலம் வரப்போகிறது என்பதை அடிக்கோலால் அளந்து, அந்த எண்ணையே படத்தின் அகலமாகக் கொடுக்க வேண்டும். அகலம் 3.2, உயரம் 2.4 என்று கொடுத்துவிட்டால் 10 பாயின்ட் எழுத்து தாளிலும் 10 பாயின்டாகவே வரும். பெரிதாகத் தோன்றினால் 8 ஆக்கிக்கொள்ளலாம். தாளிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். திரையிலிருந்து முன்னோக்கிப் போகக் கூடாது. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதனை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் டி.பி.ஐ. எவ்வளவு இருக்க வேண்டும்? இதற்கு அச்சுப்பொறி சாம்பல் நிறத்தை எப்படி உண்டாக்குகிறது என்று அறிய வேண்டும். கறுப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறியிடம் கறுப்புத் தூள் மட்டுமே உண்டு. சாம்பல் தூள் கிடையாது. ஓரிடத்தில் புள்ளி வைக்கும் அல்லது வைக்காது. சாம்பல் தோற்றம் வேண்டுமானால் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சில புள்ளிகளை மட்டும் கறுப்பாக்கும். தொலைவிலிருந்து நோக்கும் கண் அதனைச் சாம்பலாகக் காணும். எட்டுக்கு எட்டுக் கட்டம் என்றால் 64 புள்ளிகள். ஒன்றும் வைக்காத நிலையையும் சேர்த்து 65 வகைச் சாம்பல் கிடைக்கும். ஆனால் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வைக்கும் பொறியில் எட்டு எட்டாகப் பிரித்தால் ஓர் அங்குலத்தில் 75 கட்டங்களே அடங்கும்! ஆகவே நிழல்நயம் உள்ள படத்துக்கு 600 புள்ளிகள் அனுப்பினாலும் பொறி அவற்றை வீணாக்கவே செய்யும். கட்டங்களின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு புள்ளிகள் இருந்தால் போதும் என்பது அச்சுத் தொழிலில் வழங்கும் நடைமுறை விதி. அங்குலத்துக்கு 150 கட்டங்கள் வைத்து அச்சிடும் நல்ல இதழுக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கு இப்படித்தான் வந்தது. 300 என்பது மந்திர எண் அன்று.

இங்கே கருவியின் மீது ஒரு சிறு புகாரும் உண்டு. படத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டிச் சேமிக்க ஒரு வசதி இருக்கிறது. பார்க்க நேர்த்தியாக இருப்பதால் பலரும் இதனை விரும்புவர். ஆனால் வெட்டிய பின் படத்தின் அளவு நாம் கொடுத்த அளவாக இராது. 3.2 அங்குலம் கேட்டவர் கையில் சற்றுக் குறைவான அகலமுள்ள படம் கிடைக்கும். பக்கம் அமைப்பவர் அதனை இழுத்து 3.2-க்குக் கொண்டுவந்தால் எழுத்தின் அளவு மீண்டும் மாறும். ஒரு கையால் அங்குலத்தைக் கொடுத்துவிட்டு மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் இந்த வசதி, ஓர் எச்சரிக்கையாவது தந்திருக்க வேண்டும்.

நிறம்: தகட்டின் கதைக்கு விடை

இனி நம் மாணவரின் தகட்டுக்கு வருவோம். எண்களுக்கு இயற்கையில் நிறம் கிடையாது. 50 டிகிரி வெப்பநிலை பச்சையன்று. கருந்துளைப் படத்தில் கண்ட செம்மஞ்சள் கூட மனிதர் தேர்ந்தெடுத்ததே. அங்கே பதிவானவை 1.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள வானொலி அலைகள், அவற்றைக் கண்ணால் காண முடியாது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று கூறும் பட்டியலை நிற அட்டவணை என்போம். நம் மாணவர் யாரோ எழுதிய பழைய நிரலைப் பார்த்து, 'ஜெட்' என்னும் வானவில் அட்டவணையைப் பயன்படுத்தியிருந்தார். மேட்லேப் என்னும் புகழ்பெற்ற மென்பொருளைப் பின்பற்றி, மேட்பிளாட்லிப்பிலும் 2017 வரை இதுவே இயல்பு அமைப்பாக இருந்தது.

வண்ணப் படம் கறுப்பு வெள்ளையாகும்போது என்ன நிகழ்கிறது? நம் கண்ணுக்குப் பச்சை மிகவும் பளிச்சென்று தெரியும். சிவப்பு அதைவிடக் குறைவு. நீலம் மிகக் குறைவு. எனவே சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 என்று நூறைப் பங்கிட்டு ஒளிர்வைக் கணக்கிடுவது வழக்கம். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. மஞ்சள் என்பது திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. ஆகவே அதன் ஒளிர்வு 89. வெளிர்நீலம் என்பது பச்சையும் நீலமும் சேர்ந்தது, ஆகவே 70.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தகட்டின் மீது நடந்து பாருங்கள். 0 டிகிரியில் கருநீலம், ஒளிர்வு சுமார் 6. ஏறத்தாழ 12 டிகிரியில் முழு நீலம், 11. 37 டிகிரியை ஒட்டி வெளிர்நீலம், 70. 62 டிகிரியை ஒட்டி மஞ்சள், 89. 87 டிகிரியில் முழுச் சிவப்பு, 30. 100 டிகிரியில் கருஞ்சிவப்பு, 15. ஒளிர்வு ஏறி, உச்சிக்குப் போய், மீண்டும் இறங்கிவிட்டது! வெப்பநிலையோ ஏறிக்கொண்டே போனது. 12 டிகிரி உள்ள இடமும் 100 டிகிரி உள்ள இடமும் தாளில் ஏறக்குறைய ஒரே கறுப்பு. தேர்வாளர் கண்டது பிழையன்று. தாளில் இருந்ததைத்தான் அவர் கண்டார்.

வண்ணத்தில் அச்சிட்டாலும் இக்குறை முற்றிலும் நீங்காது. மஞ்சள் பட்டை மற்றவற்றைவிடப் பளிச்சிடுவதால் அங்கே ஏதோ எல்லைக்கோடு இருப்பது போன்ற தோற்றம் உண்டாகும். தகட்டில் அப்படி எந்த எல்லையும் இல்லை. டேவிட் போர்லண்டும் ரஸ்ஸல் டெய்லரும் 2007-ஆம் ஆண்டிலேயே வானவில் அட்டவணை தீங்கானது என்று எழுதினர். அவர்களுக்கு முன்பும் சிலர் எச்சரித்திருந்தனர். எனினும் வழக்கம் எளிதில் விடவில்லை.

இது வெறும் அழகு பற்றிய வாதம் என்று எண்ணிவிடாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் போர்கினும் அவருடைய குழுவினரும் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். இதயத் தமனிகளில் நோய் தோன்றக்கூடிய இடங்களைக் கணிப்பொறிப் படத்தில் கண்டுபிடிக்கும் பணி அது. முப்பரிமாண வடிவில் வானவில் நிறம் தீட்டிய படத்தில் அவ்விடங்களில் 39 விழுக்காடே கண்டறியப்பட்டன. தமனியைத் தட்டையாக விரித்து வரைந்து, நிற அட்டவணையையும் மாற்றியபோது 91 விழுக்காடு கண்டறியப்பட்டன. ஒரு நோயாளியின் உயிர், யாரோ தேர்ந்த இயல்பு நிறத்தைப் பொறுத்திருக்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

2014-இல் மேட்லேப் தன் வானவில்லைக் கைவிட்டது. மேட்பிளாட்லிப்புக்காக ஸ்டெஃபான் வான் டெர் வால்ட், நத்தானியேல் ஸ்மித் ஆகியோர் 'விரிடிஸ்' என்னும் புதிய அட்டவணையை உருவாக்கினர். 2017-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து அது இயல்பு அமைப்பானது. கருஊதாவில் தொடங்கி, நீலமும் பச்சையுமாக மாறி, மஞ்சளில் முடிவது அது. மேற்கண்ட கணக்கையே இதற்கும் போட்டேன். தொடக்கத்தில் ஒளிர்வு 12, கால் பகுதியில் 32, நடுவில் 43, முக்கால் பகுதியில் 62, முடிவில் 85. ஏறுமுகமே, ஓரிடத்திலும் இறங்கவில்லை. கறுப்பு வெள்ளையில் படியெடுத்தாலும் சூடான இடம் வெளுத்தும் குளிர்ந்த இடம் இருண்டும் வரும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கும் இது பயன்படும். தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டு திருத்திய கருவி என்ற முறையில் மேட்பிளாட்லிப்புக்கு இங்கே முழு மதிப்பெண் தரலாம்.

முழுத் திருத்தம் ஆகவில்லை

ஆனால் கோட்டு வரைபடங்களுக்கு வரும்போது அந்த மதிப்பெண்ணைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கிறது. அதே 2.0 பதிப்பு கோடுகளுக்கென ஒரு நிற வரிசையைக் கொடுத்தது. முதற்கோடு நீலம், இரண்டாவது செம்மஞ்சள், மூன்றாவது பச்சை, நான்காவது சிவப்பு. திரையில் அவை நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. ஒளிர்வைக் கணக்கிட்டால் நீலம் 39, செம்மஞ்சள் 60, பச்சை 44, சிவப்பு 36. நீலமும் பச்சையும் சிவப்பும் கறுப்பு வெள்ளையில் அண்ணன் தம்பிகள் போல் ஆகிவிடுகின்றன! எது எந்தக் கோடு என்று படிப்பவர் குழம்புவார். பரப்புப் படங்களுக்குச் செய்த திருத்தத்தைக் கோட்டுப் படங்களுக்குச் செய்யாமல் விட்டது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.

வழி நம் கையிலேயே இருக்கிறது. நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு கோட்டை முழுக்கோடாகவும், மற்றொன்றைத் துண்டுக்கோடாகவும், வேறொன்றைப் புள்ளிக்கோடாகவும் வரையலாம். வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகளை வேறுபடுத்தலாம். நம்மூர் நூலகங்களிலும் படியெடுப்புக் கடைகளிலும் கைமாறும் ஏடுகளில் பல, வண்ணத்தைக் காணாதவை. ஒருவர் வண்ணத்தில் பார்ப்பதைப் பத்துப் பேர் கறுப்பு வெள்ளையில் பார்க்க நேரலாம். அந்தப் பத்துப் பேரையும் மனத்தில் வைத்தே படம் வரைய வேண்டும்.

கோப்பின் வகை

படத்தை எந்த வகைக் கோப்பாகச் சேமிப்பது? பி.டி.எஃப். வகையில் கோடு, கோடாகவே சேமிக்கப்படுகிறது: 'இங்கிருந்து அங்கு வரை இழு' என்ற கட்டளையாக. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அது பிசிறடிக்காது. பி.என்.ஜி. வகையில் படம் புள்ளிகளின் சதுரங்கப் பலகையாகச் சேமிக்கப்படுகிறது. பெரிதாக்கினால் படிக்கட்டு தெரியும். ஜேபெக் வகையோ படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் நுட்பங்களைக் கழித்துவிடும். நிழற்படத்துக்கு அது பொருந்தும். கோட்டுப் படத்தில் கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்தது போன்ற கறையை உண்டாக்கும். ஆகவே வரைபடத்தை ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். அச்சுக்குப் பி.டி.எஃப். சிறந்தது. இலட்சக்கணக்கான புள்ளிகள் குவிந்த படமாக இருந்தால் மட்டும் பி.டி.எஃப். கோப்பு பளுவேறித் திறக்கவே மறுக்கும். அப்போது புள்ளிக் குவியலை மட்டும் பலகையாகவும், எழுத்தையும் அச்சுகளையும் கோடாகவும் வைக்க இக்கருவியில் வசதி உண்டு. அறிந்தவர் சிலரே பயன்படுத்தும் இந்த வசதி, இதன் சிறப்புகளுள் ஒன்று.

தமிழ் எழுத்துக்கு வந்த சோதனை

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு குறை நெஞ்சில் தைக்கிறது. நம் மாணவர் தமிழ் வழியில் பயின்றவர். படத்தின் அச்சில் 'வெப்பநிலை' என்று தமிழில் எழுத விரும்பினார். முதலில் வந்தவை வெறும் கட்டங்கள். கருவியுடன் வரும் எழுத்துரு டெஜாவு சான்ஸ். அதில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தமிழ் எழுத்துரு ஒன்றைக் காட்டிக் கொடுத்த பின் எழுத்துகள் வந்தன, ஆனால் இடம் மாறி வந்தன! 'வெ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். கணிப்பொறியின் நினைவிலோ வகரம் முதலில், கொம்பு பின்னால் என்ற வரிசையில்தான் அது இருக்கும். அச்சிடும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது வரைபவரின் கடமை. 2.0 பதிப்பில் அக்கடமை நிறைவேற்றப்படவில்லை. வகரத்தின் கொம்பு பகரத்தின் முன்னால் போய் நின்றது. 'லை'யின் ஐகாரக் குறி சொல்லின் கடைசியில் அநாதையாக நின்றது.

கருந்துளையைப் படம் பிடிக்கத் துணைநின்ற கருவிக்கு ஒரு கொம்பை இடம் மாற்றத் தெரியவில்லை. இதற்காக அதனைச் செய்தவர்களைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. ஊதியமின்றி உழைப்பவர்கள் அவர்கள். தமக்குத் தேவையானதை முதலில் செய்தனர். நமக்குத் தேவையானதை நாம் அல்லவா கேட்க வேண்டும், செய்தும் கொடுக்க வேண்டும்? அதுவரை ஒரு மாற்று வழி உண்டு. எஸ்.வி.ஜி. வகைக் கோப்பில் எழுத்தை எழுத்தாகவே சேமிக்கும்படி அமைக்கலாம். அக்கோப்பை இணைய உலாவியில் திறந்தால், தமிழைச் சரியாகக் கோக்கத் தெரிந்த உலாவி கொம்பை உரிய இடத்தில் வைத்துவிடும். அங்கிருந்து அச்சிட்டுக்கொள்ளலாம். எந்தப் பதிப்பை வைத்திருந்தாலும் 'வெப்பநிலை' என்ற ஒரே சொல்லை முதலில் அச்சிட்டுப் பாருங்கள். அச்சொல்லில் கொம்பும் ஐகாரக் குறியும் இரண்டும் இருப்பதால் சோதனைக்கு அதுவே போதும்.

கடைசிப் படியிலும் கவனம்

இத்தனையும் சரியாகச் செய்த பின்னரும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. அச்சிடும் கட்டளையைக் கொடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற ஓர் அமைப்பு தோன்றும். அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாள் 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் உயரமும் உடையது. நாம் பயன்படுத்தும் ஏ-4 தாள் 210-க்கு 297. ஒன்றுக்கென அமைத்த பக்கத்தை மற்றொன்றில் பொருத்தும்போது படம் சற்றே சுருங்கும். பார்த்தால் தெரியாது. ஆனால் '1 சென்டிமீட்டர் = 1 கிலோமீட்டர்' என்று எழுதிய நிலப்படமாக இருந்தால் அந்த வாசகம் பொய்யாகிவிடும். 'உண்மை அளவு' அல்லது 100 விழுக்காடு என்பதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஐயமிருந்தால் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை வரைந்து அச்சிட்டு, அடிக்கோலால் அளந்து பாருங்கள். அடிக்கோல் பொய் சொல்லாது.

முடிவாக

மேட்பிளாட்லிப்பை ஒட்டுமொத்தமாக எப்படி மதிப்பிடுவது? அங்குலத்தில் அளவு கேட்பது, கோட்டைக் கோடாகவே சேமிப்பது, வானவில்லைக் கைவிட்டது ஆகியவை இதன் பெருமைகள். அச்சை மறந்த இயல்பு எண்கள், சாம்பலில் கலந்துவிடும் கோட்டு நிறங்கள், வெட்டும்போது மாறும் அளவு, தமிழுக்கு நேர்ந்த புறக்கணிப்பு ஆகியவை குறைகள். எல்லாக் குறைகளுக்கும் வேர் ஒன்றே: திரையில் சரியாகத் தெரிந்தால் தாளிலும் சரியாகவே வரும் என்ற நம்பிக்கை. எனினும் ஒவ்வோர் அமைப்பையும் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், குறைகள் தீராதவை அல்ல. பூட்டிய பெட்டியைவிடத் திறந்த பெட்டி எப்போதும் மேல்.

நம் மாணவர் படத்தை மீண்டும் வரைந்தார். அகலம் 3.2 அங்குலம், எழுத்து 8 பாயின்ட், நிறம் விரிடிஸ், கோப்பு பி.டி.எஃப். கறுப்பு வெள்ளையில் படியெடுத்துக்கொண்டு தேர்வாளரிடம் போனார். இம்முறை தகடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீராக வெளுத்துக்கொண்டே போனது. தேர்வாளர் கேள்வி கேட்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அறிவியல் படத்துக்கு அதைவிடச் சிறந்த பாராட்டு வேறில்லை.

உங்கள் ஏட்டிலோ ஆய்வறிக்கையிலோ வண்ணப் படம் ஏதேனும் இருந்தால், அதை முடித்துக் கொடுப்பதற்கு முன் அருகிலுள்ள படியெடுப்புக் கடைக்குப் போய்க் கறுப்பு வெள்ளையில் ஒரு படி எடுத்துப் பாருங்கள். பாடம் அறியாத நண்பர் ஒருவரிடம் அதனைக் கொடுத்து, 'எந்த இடம் சூடு, எந்த இடம் குளிர்ச்சி?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையும் நீங்கள் கணக்கிட்ட விடையும் ஒன்றாக இருந்தால் மட்டுமே உங்கள் படம் முடிந்தது என்று கொள்ளலாம்.